மெல்லிய வளையத்தைத் தட்டியவர்

சஃப்ரன்போலு,
21 அக்டோபர் 1997, செவ்வாய்

என் கண்ணான மகள் ஹந்தானுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். உன் இரு கண்களுக்கும் என் முத்தங்கள்.

மரியாதை இதோடு முடிந்தது. இனி திட்டப்போகிறேன். உட்கார்ந்து வாசி.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். கீழே அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முழங்கை வரை மாவு, தலையில் துணி இல்லை, காலில் செருப்பு இல்லை. வாசல் கதவில் மெல்லிய வளையம் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை வேகமாக, பிறகு கொஞ்சம் விட்டு ஒரு முறை. ஹந்தான், அப்படித் தட்டுகிறவள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அப்படித்தான் தட்டுவாய். நான் ஓடினேன். முற்றத்துக் கல்லில் வழுக்கி, சுவரைப் பிடித்து, மறுபடி ஓடிக் கதவைத் திறந்தேன்.

வாசலில் வைக்கோல் நிறத் தலைமுடியோடு ஒரு நெட்டை ஆண்பிள்ளை நிற்கிறார்!

நான் கத்தியது அரஸ்தா கடைத்தெருவின் கடைசிச் செருப்புக்கடை வரை கேட்டிருக்கும். கதவுக்குப் பின்னால் போய் மாவுக்கையாலேயே தலையை மூடிக்கொண்டேன். அவர் முகம் செங்கல்லாகிவிட்டது. கனத்த இரும்புத்தட்டி ஆண்களுக்கு, மெல்லிய வளையம் பெண்களுக்கு, சத்தத்தை வைத்துத்தான் யார் போய்க் கதவைத் திறப்பது என்று வீட்டில் முடிவு செய்வார்கள். இந்த ஒரு விஷயத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்க உனக்கு வாய் வரவில்லையா? தட்டும் தாளத்தை மட்டும் அவ்வளவு கச்சிதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாயே.

எதிர்வீட்டு பெஹியே மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அடுத்த கால் மணி நேரத்தில் உப்புக் கேட்டு வந்தாள். அவள் வீட்டில் உப்பு தீர்ந்ததாக இதுவரை சரித்திரம் கிடையாது. "என்ன நாஜியே அக்கா, உங்க வீட்டுக்குப் பொம்பளை வளையத்தைத் தட்டிக்கிட்டு ஆம்பளை வர்றாங்களாமே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். உப்பையும் வாங்கிக்கொள்ளவில்லை.

வந்தவர் பெயர் யோசெஃப், ஊர் கிராட்ஸ், தொழில் கட்டிட வரைபடம் போடுவது, பழைய உஸ்மானிய வீடுகளைப் பார்க்க வந்திருக்கிறார், நாம் வாடகைக்கு விடும் அறைகளில் ஒன்று ஒரு வாரத்துக்கு வேண்டும் என்றார். எல்லாவற்றையும் நம் மொழியில் மனப்பாடம் செய்து ஒப்பித்தார். கிராட்ஸ் என்று நீ இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. சென்ற கடிதத்தில் "ஒருவர் இருக்கிறார், நேரம் வரும்போது சொல்கிறேன்" என்று எழுதியிருந்தாய். இதுதான் நீ சொல்லும் லட்சணமா? ஜவுளிக்கடைக்காரன் துணியில் ஒரு துண்டு வெட்டி அனுப்புவது போல ஆளை அனுப்பி வைத்திருக்கிறாய், பிடிக்கிறதா பார் என்று.

இதில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கதவு தட்டப்பட்டபோது அப்பா மாடிக் கூடத்தில் இருந்தார். நான் கத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பாதிப் படியில் நிற்கிறார். அந்த முழங்காலோடு அவ்வளவு வேகமாக எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. காலில் காலுறை மட்டும்தான். வாசலில் நிற்பது ஆண்பிள்ளை என்று கண்டதும் திரும்பி ஏறிப் போய்விட்டார். உன்னைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வந்த நாளில் நீ வீட்டை விட்டுப் போய் இரண்டரை வருடமாகிறது. இந்த இரண்டரை வருடத்தில் உன் பெயர் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவார். அந்த மனுஷர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

தொலைபேசி அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நாளை தபாலில் போட்டுவிடுவேன்.

வியாழன்

தபாலில் போடவில்லை. போகலாம் என்று முக்காட்டை எடுத்தால் அப்பா, "எங்க கிளம்பிட்டே?" என்கிறார். பொய் சொல்ல வரவில்லை, திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வீட்டில் இப்போது நெருப்பின் மேல் நிற்பது போல நிற்கிறேன். உன் யோசெஃபுக்கு அப்பா யூசுஃப் என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் "யூசுஃப் தம்பி, எழுந்திட்டியா?" என்று கீழிருந்து குரல் கொடுக்கிறார். மற்ற விருந்தாளிகளிடம் சாவியைக் கொடுப்பதோடு சரி. இவரைக் குளத்தறைக்கு அழைத்துப் போய், வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் தேக்கி வைத்தால் எப்படிக் குளிரும் என்று அரை மணி நேரம் சொல்கிறார். ஒரு வீட்டு ஜன்னல் இன்னொரு வீட்டின் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்று நம் முன்னோர் எப்படிக் கட்டினார்கள் என்பது இன்னொரு அரை மணி நேரம். இரும்பாலையில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவருக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று நான் அடுப்படியில் நின்று யோசிக்கிறேன். ஆண்கள் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே இருக்கும் சுழல் அலமாரியைத் திறந்து வைத்தால் அங்கே பேசுவது இங்கே நன்றாகக் கேட்கிறது. இந்த வயதில் ஒட்டுக்கேட்க வைத்துவிட்டாய்.

யூசுஃப் நல்ல பிள்ளை. சொல்லிவிட்டேன், இனிமேல் அதை வைத்து என்னை மிரட்டாதே. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து அலமாரியில் வைத்துச் சுழற்றி அனுப்புகிறார். என்னைப் பெரியம்மா என்கிறார். எது சொன்னாலும் "சரி, சரி" என்று தலையாட்டுகிறார், புரிந்ததா இல்லையா என்று கடவுளுக்குத்தான் தெரியும். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாலும் சரி, "போதுமா?" என்றாலும் சரி. மூன்று நாளில் இரண்டு சுற்று பருத்திருக்கிறார்.

ஆனால் அவருக்கு நடிக்கத் தெரியவில்லை. முதல் நாளே மாடி ஏறும்போது ஏழாவது படியை மிதிக்காமல் தாண்டிப் போனார். அந்தப் படி கிரீச்சிடும் என்பது வீட்டு மனிதர்களுக்கு மட்டும்தான் தெரியும். விருந்தாளிகள் எல்லோரும் மிதித்துவிட்டுத் துள்ளுவார்கள். பின்னால் அப்பா ஏறிக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவும் அதைத் தாண்டி ஏறிப் போனார்.

இப்போது இன்று காலை நடந்ததைக் கேள். வெளிநாட்டு விருந்தாளிகளின் விவரத் தாளைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். எப்போதும் அப்பாதான் எழுதுவார், அவரேதான் கொண்டுபோவார். இன்று முழங்கால் வலிக்கிறது என்று என்னிடம் கொடுத்தார். குளியல்கூடத்துத் தெருவின் இறக்கத்தில் நடந்துகொண்டே தாளைப் பிரித்துப் பார்த்தேன். பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி எல்லாம் அவருடைய கட்டைக் கையெழுத்தில். கீழே வீட்டு முகவரி: லிண்டன் தெரு, பதினேழாம் எண், மூன்றாம் மாடி, கிராட்ஸ். ஊர்க் குறியீட்டு எண்கூட இருக்கிறது.

தெருவிலேயே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அது நான் மாதம் தவறாமல் உறையில் எழுதும் உன் முகவரி.

வீட்டுக்கு வந்ததும், அப்பா முகவரி ஏதாவது கேட்டாரா என்று யூசுஃபைக் கேட்டேன். இல்லையாம். கடவுச்சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டாராம், அதில் முகவரி போடுவதில்லையாம். உன் கடிதங்களை நான் மெத்தை அலமாரியில் கம்பளிப் போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஒளித்து வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பெயரைச் சொல்லாத மனுஷர் உன் வீட்டு எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார், மகளே.

அப்பா சரியாகத்தான் எழுதியிருக்கிறாரா, நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாடியிலா இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

சனி

இன்னும் தபாலில் போடவில்லை. இப்போது நிலைமை இதுதான்: எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்று யூசுஃப் நினைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வீட்டுக்கூரை எந்த மரத்தால் ஆனது என்று பேசுகிறோம். நேற்று இரண்டு தடவை தேநீரில் உப்பைப் போட்டுவிட்டேன். அப்பா அதை அப்படியே குடித்து முடித்தார். யூசுஃபும் "சரி, சரி" என்று குடித்தார்.

நேற்று வெள்ளித் தொழுகைக்கு அப்பா இவரையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு உயிரே இல்லை. இவர் உள்ளே போகவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் வெயில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் வரைந்துகொண்டிருந்தாராம். தொழுகை முடியும் நேரத்தில் மழை தூறியிருக்கிறது. அப்பா வெளியே வந்து பார்த்தால் இவர் தன் கோட்டுக்குள் அப்பாவுடைய காலணியைப் பொத்தி வைத்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நிற்கிறார். அப்பா வந்து சொன்னது இவ்வளவுதான்: "காலணி நனையலே." அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பகடை ஆட்டம். ஐந்து ஆட்டத்திலும் இவரைத் தோற்கடித்தார். விட்டுக்கொடுக்கவில்லை என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. பிடிக்காதவர்களிடம் அவர் விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இன்று காலை அப்பா தொழுகைக்குப் போயிருந்தபோது யூசுஃப் அடுப்படிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். வேண்டாம், உள்ளே வையுங்கள், அப்பா வந்துவிடுவார் என்றேன். ஆனால் பார்த்துவிட்டேன். முடியை ஏன் வெட்டினாய்? இடுப்பு வரை இருந்த முடியை அப்படிக் கழுத்தோடு வெட்ட உனக்கு எப்படி மனசு வந்தது? நான் அழுதது அதற்குத்தான் என்று யூசுஃபிடம் சொன்னேன். அவர் "சரி, சரி" என்றார். ஆனால் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் அப்பா இவரைச் சவரத்துக்கு ஷுக்ரூவின் கடைக்குக் கூட்டிப் போனார். ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரமாயிற்று. யூசுஃப் பளபளவென்று திரும்பி வந்தார், காது முடியைக்கூடச் சுட்டு எடுத்திருக்கிறார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்றேன். பெரியவர்கள் இரண்டு பேரும் கடை வாசலில் நின்று ரொம்ப நேரம் சண்டை போட்டார்கள், தனக்குப் புரியவில்லை என்றார். அப்பா வந்ததும் மெத்தை அலமாரியைத் திறந்து தன் நல்ல கழுத்துப்பட்டையைத் தேடினார். எதற்கு என்று கேட்டேன். "துணியில பூச்சி அரிச்சிருக்கான்னு பார்க்கிறேன்" என்றார். நாளை மாலை யூசுஃபுக்குப் பேருந்து. என்ன நடக்குமோ தெரியவில்லை.

ஞாயிறு

ஹந்தான், அவசரமாக எழுதுகிறேன். கிரான்கோய் பேருந்து நிலையத்தில் ஆறு மணிக்கு அங்காரா பேருந்து. யூசுஃப் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவர் வந்து உன்னிடம் ஒன்று சொல்வார். அதை நம்பாதே. முதலில் இதை வாசி.

மூன்று மணிக்குக் கனத்த இரும்புத்தட்டியின் சத்தம் கேட்டது. கதவு பெயர்ந்துவிடும் போலிருந்தது. திறந்தால் முடிதிருத்தும் ஷுக்ரூ. மகன் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, பொத்தான் போட முடியாத வயிறு, ஒரு கையில் சாக்லேட் பெட்டி, இன்னொரு கையில் அவர் வீட்டுத் தோட்டத்துச் செவ்வந்திப் பூக்கள். "நாங்க வந்திருக்கோம்" என்றார். அவருக்குப் பின்னால் யாருமில்லை. நாங்கள் என்றால் யார் என்று கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி மேலே போனார். ஏழாவது படியை மிதித்துத் துள்ளினார்.

மேலே போய்ப் பார்த்தால், யூசுஃப் அப்பாவின் நல்ல கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். ஷுக்ரூ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்பா எதிரே, முதுகை நிமிர்த்தி, தஸ்பீஹ் மணிமாலையோடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கேட்கப் பையன் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வர வேண்டும். யூசுஃபுக்கு அப்பா அம்மா இருவரும் இல்லை என்று பகடை ஆடும்போது சொல்லியிருக்கிறார். அதனால் நம் வீட்டுப் பெண்ணை நம்மிடம் கேட்பதற்கு அப்பாவே போய் ஷுக்ரூவை ஏற்பாடு செய்திருக்கிறார். நேற்று கடை வாசலில் நடந்தது சண்டை இல்லை. பெண்ணைக் கொடுக்கிறவனே கேட்கும் ஆளையும் அனுப்புவது முறையா என்று ஷுக்ரூ மாட்டேன் என்றிருக்கிறார். அப்பா விடவில்லை.

ஷுக்ரூ தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரிஃபத் அண்ணே, இறைவனோட ஆணைப்படி, நபியோட சொல்படி, உங்க மகளை எங்க பையன் யூசுஃபுக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்றார். கடை நாற்காலியில் இருபத்தைந்து வருடமாக ஊர்வம்பு பேசும் குரல் நடுங்கியது. அப்பா மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. காபி கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீ உக்காரு, நாஜியே" என்றார். பிறகு ஷுக்ரூவைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்டுல பொண்ணு கேட்டு வந்தா, காபியைப் பொண்ணுதான் கொண்டு வரணும். ஹந்தான் வரட்டும். அவ கையால காபி வரட்டும். குடிச்சிட்டுப் பதில் சொல்றேன்."

எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். அவ்வளவுதான்.

உன் பெயரைச் சொன்னார். என் இரண்டு காதாலும் கேட்டேன். ஷுக்ரூவும் கேட்டார், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். ஆனால் யூசுஃபுக்கு என்ன தெரியும்? காபி வரவில்லை, பதில் வரவில்லை, சாக்லேட் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை, பெரியவர் முதுகைக் காட்டி நிற்கிறார். அடுப்படிக்கு வந்து, "பெரியம்மா, முடியாதுன்னு சொல்லிட்டாரு, இல்லையா?" என்று கேட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. இல்லை பிள்ளாய், இல்லை என்று எத்தனை தடவை சொன்னேன். சரி, சரி என்கிறார். அந்தச் சரியை நான் ஆறு நாளாகப் பார்க்கிறேன். அவர் உன்னிடம் வந்து, உன் அப்பா என்னை மறுத்துவிட்டார் என்றுதான் சொல்வார். நீயும் உன் கோபத்தில் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டரை வருடம் உட்கார்ந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? பாதி நீ அவர்தானே.

அது மறுப்பு இல்லை, மகளே. மறுக்க நினைப்பவர் அந்தக் கேள்வியையே வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். நீ போன அன்று அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டார் எட்டுப் பேர் இதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காபி வரும், காபி வரும் என்று அப்பா முக்கால் மணி நேரம் அவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். உன் அறை காலி என்று நான் வந்து அவர் காதில் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் உனக்கு ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. இப்போதும் எழுதப்போவதில்லை. நீ போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனை எனக்கும் பிடிக்கவில்லை. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யூசுஃபின் வேதம் வேறு, திருமணம் எந்த முறையில், ஊர் என்ன பேசும், பிறக்கிற பிள்ளைக்கு என்ன பெயர். அப்பா எதையும் கேட்கவில்லை. கேட்பார். யூசுஃபிடம் கேட்க மாட்டார், உன்னிடம்தான் கேட்பார். குரலை உயர்த்துவார். நீயும் உயர்த்து. அதற்கு இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். என்ன பதில் சொல்வார் என்று என்னைக் கேட்காதே, எனக்கு உண்மையாகவே தெரியாது. இப்போது போய்க் கேட்டேன், "காபி குடிக்காம எப்படிச் சொல்றது?" என்கிறார்.

சாக்லேட் பெட்டியைக் கூடத்து அலமாரியில் பிரிக்காமல் வைத்திருக்கிறார். கோட்டைக் கழற்றலாமா என்று ஷுக்ரூ கேட்டதற்கு, இஸ்திரி போட்டுத் தயாராக வை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

யூசுஃப் படியிறங்கும் சத்தம் கேட்கிறது. உறையை ஒட்ட வேண்டும். பெஹியே ஜன்னலில் தயாராக நிற்கிறாள்.

அப்பாவுக்கு மருத்துவர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லிவிட்டார், அவர் கோப்பையில் போடாதே. ஷுக்ரூவுக்கு இரண்டு கரண்டி. தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது உன் கை நடுங்கும். நடுங்கட்டும். காபி கொட்டினால் நான் துடைத்துக்கொள்கிறேன். நீ வா.

இறைவன் உன் வழியைத் திறந்து வைக்கட்டும். உன் கண்களை முத்தமிடும்,

உன் அம்மா
நாஜியே